பக்தி வேடத்தில் வரும் தடை

1522-ஆம் ஆண்டு. ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதியில் மன்ரேசா என்றொரு சிற்றூர். சாக்குத்துணி உடுத்திப் பிச்சை எடுத்துச் சாப்பிட்டுவந்த ஒருவருக்கு அங்கே பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு ஒரு கட்டளை இட்டார். பழைய பாவங்களை இனிமேல் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம். மிகத் தெளிவாகத் தெரிகிற பாவம் ஏதாவது இருந்தால் மட்டும் சொன்னால் போதும். நல்ல கட்டளைதான். ஆனால் அந்த மனிதருக்கு எல்லாப் பாவமும் மிகத் தெளிவாகவே தெரிந்தது! கட்டளையில் வைத்த ஒரே ஒரு விலக்கு, கட்டளை முழுவதையும் விழுங்கிவிட்டது.

அந்த மனிதரின் பெயர் இனிகோ. பிற்காலத்தில் இயேசு சபையை நிறுவிய புனித இலொயோலா இஞ்ஞாசியார் அவர்தான். கிறிஸ்தவ வாழ்வில் தடைகளை அடையாளம் காண்பது பற்றி அவர் எழுதிவைத்தது எல்லாம் தன் உடம்பிலும் மனதிலும் பட்டுத் தெரிந்துகொண்டது.

தடை என்றாலே நமக்கு வெளியே இருப்பதுதான் நினைவுக்கு வரும். பிள்ளைக்கு வேலை அமையவில்லை, வரன் தட்டிப்போகிறது, கோர்ட்டு வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. தடைகள் தகர ஜெபம் என்று சுவரொட்டி ஒட்டினால் கூட்டம் சேர்வது இதனால்தான். இந்த வகைத் தடைகளுக்கு இஞ்ஞாசியாரிடமும் குறைவில்லை. 1527-இல் அல்காலாவில் விசாரணை என்று சொல்லி அவரை 42 நாள் சிறையில் வைத்தார்கள். சலாமான்காவில் காலில் சங்கிலி போட்டார்கள். அதெல்லாம் அவரை அசைக்கவில்லை. அவரைச் சாவின் விளிம்புவரை தள்ளியது, முழந்தாளிட்டுச் செய்த ஜெபத்துக்குள்ளேயே முளைத்த ஒரு தடை.

படுக்கையில் கற்ற பாடம்

1521 மே 20 அன்று பாம்ப்லோனா கோட்டையில் பிரெஞ்சுப் படையின் பீரங்கிக் குண்டு இனிகோவின் வலது காலை நொறுக்கியது. சொந்த ஊரான இலொயோலாவில் எலும்பைக் கூட்டிவைத்தபோது, முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டு துருத்திக்கொண்டு நின்றது. பூட்ஸ் போட்டால் அசிங்கமாகத் தெரியும் என்பதற்காக, மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில், அதை அறுத்தெடுக்கச் சொன்னார். அவ்வளவு அழகுப் பிரியர்.

படுக்கையில் பொழுதுபோகவில்லை. வீரர்களின் காதல் கதைகள் கேட்டார், வீட்டில் இல்லை. இருந்தவை கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர் சரித்திரங்களும்தான். அவற்றைப் படித்துவிட்டு மணிக்கணக்கில் கனவு கண்டார். ஒரு சமயம் ஒரு பெருங்குடிப் பெண்ணுக்காகச் செய்யப்போகும் சாகசங்கள். இன்னொரு சமயம் புனிதர்களைப் போல வெறுங்காலோடு எருசலேம் நகருக்குப் போவது. இரண்டு கனவுமே காணும் நேரத்தில் இனித்தன. முதல் கனவு முடிந்ததும் மனம் வறண்டது. இரண்டாவது முடிந்த பிறகும் மகிழ்ச்சி நீடித்தது. இந்த வித்தியாசத்தை ஒருநாள் அவர் கவனித்தார். ஒரு எண்ணத்தை வரும்போது எடை போடாதே, போன பிறகு மனதில் எதை விட்டுச் சென்றது என்று பார் என்பது அவருடைய முதல் பாடம்.

மன்ரேசாவின் அறை

அடுத்த ஆண்டு மொன்சராத் மாதா கோவிலில் தன் வாளைக் காணிக்கையாகத் தொங்கவிட்டு, மூன்று நாள் எடுத்து வாழ்நாள் பாவங்களை எழுதி அறிக்கையிட்டார். பிறகு மன்ரேசா. தினம் ஏழு மணி நேரம் முழந்தாளில் ஜெபம். ஆனாலும் எதையோ சொல்லாமல் விட்டுவிட்டோம் என்ற உறுத்தல் போகவில்லை. மறுபடி பாவசங்கீர்த்தனம், மறுபடி உறுத்தல். அறையில் ஒரு பெரிய குழி இருந்தது. அதில் குதித்துவிடலாமா என்ற எண்ணம் அடிக்கடி வந்தது. தற்கொலை பாவம் என்பதால், ஆண்டவரே உமக்கு விரோதமாக எதுவும் செய்யமாட்டேன் என்று கத்துவார். கடவுள் விடுவிக்கும்வரை சாப்பிடுவதில்லை என்று ஒரு ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறுவரை பட்டினி கிடந்தார். குரு சாப்பிடச் சொன்னார், கீழ்ப்படிந்தார். இரண்டு நாள் நிம்மதி. செவ்வாய்க்கிழமை பழைய பாவங்கள் ஒன்றைத் தொட்டு ஒன்றாக மறுபடி வரிசைகட்டின.

அன்றுதான் திருப்பம். வரிசையின் கடைசியில், இந்த வாழ்க்கையே வேண்டாம், விட்டுவிட்டுப் போய்விடலாம் என்ற வெறுப்பு வந்து நின்றது. இலொயோலாவில் படித்த பாடம் கைகொடுத்தது. பாவத்தின் மீதுள்ள அருவருப்பு கடவுளிடம் அல்லவா கொண்டுசேர்க்க வேண்டும்? இது கடவுளை விட்டு ஓடச் சொல்கிறதே! அப்படியானால் இது வந்த இடம் வேறு. அந்தக் கணத்தோடு பழைய பாவங்களை மறுபடி அறிக்கையிடுவதை நிறுத்தினார்.

பின்னாளில் எழுதிய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் இந்தப் பாவ உறுத்தலுக்கென்றே ஆறு குறிப்புகள் தந்திருக்கிறார். குறுக்காகக் கிடந்த இரண்டு வைக்கோல் துரும்புகளைத் தெரியாமல் மிதித்துவிட்டு, சிலுவையை மிதித்த பாவி ஆனேனே என்று ஒருவர் தவிப்பதை அதில் உதாரணமாகச் சொல்கிறார். அலகையின், அதாவது பிசாசின், உத்தி ஆளுக்கு ஆள் மாறும் என்கிறார். மனச்சான்று தடித்துப்போனவரை மேலும் தடிக்க வைப்பான். மென்மையான மனச்சான்று உள்ளவரை இல்லாத பாவத்தையும் பார்க்கும்படி நொய்ய வைப்பான். ஆகவே தடித்தவர் கூர்மையாக வேண்டும், நொய்ந்தவர் திடப்பட வேண்டும். எல்லாருக்கும் ஒரே பிரசங்கம், ஒரே மருந்து என்பது இங்கே செல்லாது.

இலக்கண வகுப்பில் பேரின்பம்

அடுத்து வந்த தடை இன்னும் நுட்பமானது. 1524-இல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, ஆன்மாக்களுக்கு உதவ வேண்டும் என்று பார்சலோனாவில் சிறுவர்களோடு உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் படித்தார். மனப்பாடம் செய்ய வாயைத் திறந்தாலே கடவுளைப் பற்றிய அற்புதமான தெளிவுகள் பொங்கி வந்தன. யாராக இருந்தாலும் ஆண்டவரின் வரம் என்று புத்தகத்தை மூடிவைத்திருப்பார்கள். அவர் தன்னையே கேட்டுக்கொண்டார்: ஜெபத்திலும் பூசையிலும்கூட வராத இந்தத் தெளிவு, பாடம் படிக்கும் நேரத்தில் மட்டும் ஏன் வருகிறது?

ஆசிரியர் அர்தெவோலை, அவர் வீட்டுக்கு அருகிலிருந்த சாந்தா மரியா தெல் மார் கோவிலுக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கும்வரை இனி இரண்டு ஆண்டும் உங்கள் வகுப்புக்கு வராமல் இருக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அதன் பிறகு அந்தச் சோதனை அவர் பக்கம் வரவில்லை.

வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார் கிடக்க, வாரம் ஐந்து நாள் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர்களும், பரீட்சைக்கு முந்தைய நாள் உபவாசம் எடுக்கும் மாணவர்களும் இந்தச் சம்பவத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். காரியம் நல்லதுதான். அதற்கு இதுதான் நேரமா, இதனால் எந்தக் கடமை கைநழுவுகிறது என்பதுதான் கேள்வி.

வறட்சியில் முடிவு எடுக்காதே

1548-இல் பாப்பரசர் மூன்றாம் பவுல் அங்கீகரித்த ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் ஆவிகளைத் தேர்ந்து தெளிய 14 விதிகளும், முன்னேறியவர்களுக்கு மேலும் 8 விதிகளும் உள்ளன. அவற்றில் தலையாயது: மனம் வறண்டு கிடக்கும்போது, முன்பு தெளிவான மனதோடு எடுத்த முடிவை மாற்றாதே. ஜெபம் கசக்கிறது என்பதற்காகக் கோவிலை விடுவதும், பங்குப் பேரவையில் ஒரு வார்த்தை தடித்ததும் சேவையை உதறுவதும் அந்த நேரத்து முடிவுகள்தான்.

எல்லா வறட்சிக்கும் பிசாசைக் காரணம் காட்டவும் அவர் விடுவதில்லை. மூன்று காரணங்கள் சொல்கிறார். நம் சொந்தச் சோம்பலால் வரலாம். இனிப்பு இல்லாதபோதும் நிலைத்து நிற்கிறோமா என்று பார்க்கும் சோதனையாக இருக்கலாம். ஆறுதல் என்பது நம் சம்பாத்தியம் இல்லை, கொடை என்று உணர்த்த வரலாம். முதல் காரணத்துக்கு மருந்து திருந்துவது, இரண்டாவதற்குப் பொறுமை, மூன்றாவதற்குத் தாழ்ச்சி.

இன்னொரு விதி: மறைத்துவைப்பதே சோதனைக்குப் பலம். கள்ளக் காதலன் தன் பேச்சு வீட்டாருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று பதறுவதுபோல, அலகையும் தன் தூண்டுதல் ஒரு நல்ல வழிகாட்டியின் காதுக்கு எட்டுவதை அஞ்சுகிறான் என்கிறார். பாரிசில் அவரோடு ஒரே அறையில் தங்கிப் படித்த பீட்டர் ஃபேபருக்கும் பாவக் கலக்கம் இருந்தது. அதை அவர் இஞ்ஞாசியாரிடம் சொன்னார், தெளிந்தார். அந்த அறையில் இருந்த இன்னொருவர், 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்த பிரான்சிஸ் சவேரியார்.

இன்று இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். மன்ரேசாவில் இருந்ததுபோல் உயிரை விடத் தோன்றுகிறது, ஒரே பாவ நினைவு நாள் முழுக்கச் சுழல்கிறது என்றால், குருவிடமோ போதகரிடமோ போவதோடு மனநல மருத்துவரிடமும் போக வேண்டும். அது விசுவாசக் குறைவு ஆகாது.

மற்றபடி அன்றாட வறட்சிக்கு இஞ்ஞாசியார் தரும் பயிற்சி எளிமையானது. ஒரு மணி நேரம் ஜெபம் என்று தீர்மானித்துவிட்டு உட்கார்ந்தவருக்கு, மனம் வறண்ட நாளில் பாதியிலேயே எழுந்துவிடத் தோன்றும். அன்று ஒரு மணி நேரத்தோடு எழுந்திருக்காமல், கூடச் சில நிமிடம் உட்கார வேண்டும் என்கிறார் அவர். பணிந்துபோகாமல் இருப்பதோடு, தடை தள்ளும் திசைக்கு எதிர்த்திசையில் ஓர் அடி எடுத்துவைக்கவும் பழக வேண்டும் என்பதற்காக.