புணேயில் பறிபோகும் வேலைகள்: ராஜிநாமா கடிதத்தில் மறையும் உரிமைகள்

புணேயை அடுத்த தலேகாவில் இயங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து கடைசி கார் 2020 டிசம்பரில் வெளிவந்தது. 2021 ஏப்ரலில் 1,419 தொழிலாளர்களுக்கு 'லே-ஆஃப்' அறிவிப்பு அளிக்கப்பட்டது. அன்றைய தொழில் தகராறு சட்டப்படி அதற்கான இழப்பீடு, அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் பாதி மட்டுமே.

ஆலையை வாங்கவிருந்த சீனாவின் கிரேட் வால் நிறுவனத்துக்கு, எல்லை மோதலுக்குப் பிறகு மத்திய அரசின் அனுமதி கிடைக்கவில்லை. அந்த ஒப்பந்தம் 2022-ல் காலாவதியானது. பின்னர், ஸ்ரீபெரும்புதூரில் கார் தயாரிக்கும் ஹுண்டாய் நிறுவனம் 2023-ல் ஒப்பந்தம் செய்து, 2024 ஜனவரியில் ஆலையைக் கையகப்படுத்தியது. நிலம், கட்டடங்கள், சில இயந்திரங்கள் ஆகியவை கைமாறின; தொழிலாளர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. தங்களையும் பணியில் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் போராடினர். இப்படி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் வேலையில் இருப்பவர்களும் அல்ல, இழப்பீடு பெற்று விலகியவர்களும் அல்ல. வேறு வேலை தேடுவதா, வழக்கை நம்புவதா என்ற இந்த ஊசலாட்டம், வருமான இழப்பைவிடக் கொடியது.

ஆயினும் அவர்களுக்குச் சங்கம் இருந்தது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தியபோதும், இழப்பீட்டுக்காக நிர்வாகத்துடன் மாதக்கணக்கில் பேச்சு நடத்தியது தொழிற்சங்கம்தான்.

அதே புணேயின் ஹிஞ்சவடியில் நிலைமை வேறு. அங்குள்ள ஐ.டி. ஊழியருக்குக் கதவடைப்பும் இல்லை, வாயில் கூட்டமும் இல்லை. மனிதவள அதிகாரியின் அறையில், ராஜிநாமா செய்தால் அனுபவச் சான்றிதழுக்குப் பாதிப்பு வராது என்ற ஆலோசனையுடன் காரியம் முடிந்துவிடுகிறது. டாடா கன்சல்டன்சி நிறுவனம் சுமார் 12,000 பணியிடங்களைக் குறைக்கப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தபோது, புணேயிலிருந்து இயங்கும் ஐ.டி. ஊழியர் அமைப்பு மத்திய தொழிலாளர் துறையிடம் முறையிட்டது.

ராஜிநாமாவுக்கும் ஆட்குறைப்புக்கும் சட்டத்தில் பெரும் வேறுபாடு உண்டு. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளிக்குப் பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடு உண்டு. மறுதிறன் பயிற்சி நிதியிலிருந்து மேலும் 15 நாள் ஊதியமும் உண்டு. தானாக ராஜிநாமா செய்தவருக்கு இரண்டும் இல்லை. அதேநேரம், முன்னனுமதி பெற்றே ஆட்குறைப்பு செய்ய வேண்டிய தொழிற்சாலைகளுக்கான வரம்பை 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்த்தியதும் இதே தொகுப்புதான்.

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். ஆனால் 'மேலாளர்' என்ற பதவிப் பெயரை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய இயலாது. செய்த வேலையின் தன்மையையே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. சென்னையில் 2015 ஜனவரியில், கர்ப்பிணியான ஐ.டி. ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்துக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நிறுவனம் உத்தரவைத் திரும்பப் பெற்றது. பணிநீக்கத்தை எதிர்த்துத் தீர்ப்பாயத்தை அணுக முன்பு மூன்று ஆண்டுகள் அவகாசம் இருந்தது. புதிய தொகுப்பில் அது இரண்டு ஆண்டுகள்.

வீட்டுக் கடன் தவணையோ வழக்கு முடியும்வரை காத்திருக்காது. தவணை தவறும் முன்பே வங்கியை அணுகிக் கடன் காலத்தை நீட்டிக்கக் கோருவது நல்லது. நிறுவனம் எடுத்துக்கொடுத்த மருத்துவக் காப்பீடும் வேலையோடு போய்விடும்; முதியோர் உள்ள வீட்டில் தனிக் காப்பீட்டுக்கான ஏற்பாடு உடனடியாகத் தேவை. வேலையிழந்தவர் வருங்கால வைப்பு நிதியில் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதியை ஓராண்டு கழித்தே எடுக்கலாம் என்று 2025 அக்டோபரில் அதன் மத்திய அறங்காவலர் குழு முடிவு செய்தது. தொழிலாளர் ஈட்டுறுதிக் கழகத்தின் வேலையிழப்பு உதவி, மாதம் ரூ.21,000 என்ற ஊதிய வரம்புக்குள் வராத பெரும்பாலான ஐ.டி. ஊழியர்களுக்கு எட்டாது.

வேலை போனதை வீட்டில் சொல்லாமல், காலையில் வழக்கம்போல் பையுடன் கிளம்பிச் செல்பவர்கள் எல்லா நகரங்களிலும் உண்டு. கடன் தவணை பற்றி மனைவியிடமோ கணவரிடமோ பேச முடியாமல் போவது இந்த மறைப்பினால்தான். மனம் தளர்ந்தவர்களுக்காக மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையில் தமிழிலும் மராத்தியிலும் பேசலாம். 14416 என்ற எண்ணுக்குக் கட்டணம் இல்லை.