மேலே அரிய மண், கீழே குடிநீர்

பினாங்கு மாநிலம் சுத்திகரிக்கும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அந்த ஆறு பிறப்பது அண்டை மாநிலமான கெடாவின் உலு மூடா காடுகளில். அதனால்தான், கெடாவின் சிக் வட்டாரத்தில் அனுமதியின்றி அரிய மண் தோண்டப்பட்ட விவகாரம் 2023-ல் வெடித்தபோது ஜார்ஜ் டவுனிலும் கலக்கம் எழுந்தது.

நியோடிமியம், பிரசியோடிமியம் உள்ளிட்ட 17 தனிமங்களை அரிய மண் என்கிறார்கள். மின்சாரக் கார் மோட்டார்களும் கடலில் நிறுவும் காற்றாலைகளும் கேட்கும் வலிமையான காந்தங்கள் இவற்றிலிருந்தே பிறக்கின்றன. கணினிகளின் ஹார்ட் டிஸ்க்கிலும் இதே காந்தம்தான் இருக்கிறது. மின்னணுத் தொழிலால் வளர்ந்த பினாங்குக்கு இது அந்நியப் பொருளல்ல. உலகின் அரிய மண் சுத்திகரிப்பில் சுமார் 90 விழுக்காடு சீனாவின் கையில் உள்ளது. 2025 ஏப்ரலில் அந்நாடு 7 தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும் மற்ற நாடுகள் மாற்று வழி தேடி அலைந்தன. கதிரியக்கமற்ற அரிய மண் 1.6 கோடி டன் வரை தன்னிடம் இருப்பதாக மதிப்பிடும் மலேசியா, 2024 முதல் அதைக் கச்சாப் பொருளாக ஏற்றுமதி செய்யத் தடை விதித்திருக்கிறது.

புக்கிட் மேரா சொல்வது

இந்தத் தொழிலின் விலையைப் பேரா மக்கள் முன்பே கொடுத்திருக்கிறார்கள். ஈப்போ அருகே புக்கிட் மேராவில் மிட்சுபிஷி பங்கு கொண்ட ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982-ல் இயங்கத் தொடங்கியது. வெள்ளீயச் சுரங்கக் கசடான அமாங்கில் கிடைக்கும் மோனசைட்தான் அதன் மூலப்பொருள். கூடவே வந்தது கதிரியக்கம் கொண்ட தோரியக் கழிவு. அதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை காணாமலே வேலை தொடங்கிவிட்டது. முதலில் பாரிட், பிறகு பாப்பான் என்று இடம் பார்த்தார்கள். இரு ஊர் மக்களும் எதிர்த்தார்கள்.

1985-ல் புக்கிட் மேரா மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். பினாங்கிலிருந்து இயங்கும் பயனீட்டாளர் சங்கமும் சுற்றுச்சூழல் அமைப்பான சஹாபாட் ஆலாம் மலேசியாவும் துணை நின்றன. வாதாடிய வழக்கறிஞர்களில் மீனாட்சி ராமனும் ஒருவர். 1992-ல் ஆலையை மூடும்படி ஈப்போ உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப்படி வென்ற நிறுவனம் 1994-ல் தானாகவே ஆலையை மூடியது. துப்புரவுக்கு ஏறக்குறைய 10 கோடி அமெரிக்க டாலர் செலவானது.

பாடம் படித்தோமா? குவாந்தான் அருகே கெபெங்கில் லைனாஸ் நிறுவனத்தின் அரிய மண் ஆலை 2012-ல் இயங்கத் தொடங்கியது. கழிவுக்கு நிரந்தரக் கிடங்கு அமைக்கும் பணியைத் தொடங்க வேண்டும் என்பது 2020-ல் புதுப்பித்த உரிமத்தின் நிபந்தனை. இங்கும் ஆலைதான் முந்தியது.

களிமண்ணில் வேறு சிக்கல்

இப்போது பேசப்படும் அரிய மண் களிமண்ணில் ஒட்டியிருப்பது. குன்றில் துளையிட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலை இறக்குகிறார்கள். தனிமங்கள் கழன்று கரைசலோடு அடிவாரத்தில் வடிகின்றன. பேராவின் கெனெரிங்கில் இப்படி ஒரு முன்னோடித் திட்டம் 2022-ல் தொடங்கியது. பெரும் பள்ளம் வேண்டாம், காட்டை மொட்டையடிக்க வேண்டாம் என்பது ஆதரவாளர் வாதம். ஆனால் குன்றுக்குள் விட்ட கரைசல் முழுவதையும் திரும்பப் பிடித்துவிட முடியாது. ஆற்றில் அம்மோனியா கூடினால் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை மூட வேண்டிவரும். சிலாங்கூரும் ஜொகூரும் அந்த அனுபவம் கண்டவை. ஆலையை இடம் மாற்றலாம். நீர்ப்பிடிப்புக் காட்டை மாற்ற முடியுமா?

சரி, தோண்டவே வேண்டாம் என்றால்? காந்தத்தின் தேவை அதனால் குறையாது. மியன்மாரின் கச்சின் மலைகளில் ஆயுதக் குழுக்களின் நிழலில், கேட்பாரின்றி இதே அம்மோனியம் சல்பேட் முறையில் அரிய மண் எடுக்கப்படுகிறது. நம் ஆற்றைக் காத்துவிட்டு அந்தக் கனிமத்தில் செய்த காரைப் பசுமை வாகனம் என்று ஓட்டுவதில் நேர்மை இல்லை.

கெடாவின் பக்கமும் கேட்க வேண்டியதே. நிலமும் காடும் மாநில அதிகாரம். காட்டைக் காத்தால் வருமானம் போகிறது, தண்ணீரைப் பயன்படுத்துவதோ பினாங்கு என்று சொல்லி அது பணம் கேட்டுவருகிறது. ஆறு இயற்கையாக ஓடிவருவது, அதற்கு விலை கிடையாது என்கிறது பினாங்கு. உலு மூடாவைத் தொடாதே என்று கேட்பவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. காடு காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு அரசாங்கம் 2019 முதல் நிதி கொடுத்துவருகிறது. நீர்ப்பிடிப்புக் காட்டுக்கு அதில் தனிப் பங்கு ஒதுக்கி, பயன்பெறும் மாநிலமும் அதில் பணம் போடச் செய்யலாம்.

கூடவே, உரிம விதிகளின் வரிசையும் மாற வேண்டும். கழிவுக்கு இடமும் துப்புரவுக்கு வைப்புத்தொகையும் முதலில். ஆற்றுநீர்ச் சோதனை முடிவுகளை இரு மாநில மக்களும் பார்க்கும்படி வெளியிடுவது அடுத்தது. தோண்டும் அனுமதி கடைசியில். நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் ஆற்றின் கீழ்ப்பக்கம் வாழும் மாநிலத்தின் ஒப்புதலும் வேண்டும். இன்றைய நிலையில் சுங்கை மூடாவைக் குடிக்கும் பினாங்கு மக்களுக்கு அந்த முடிவில் ஒரு வாக்குக்கூட இல்லை.