சாமி குற்றமா, எண்ணெய்க் குற்றமா?

வேங்கிக்கால் சாலையோரம் லாரி ஒன்று, புகை கக்கி, தடதடவென இடித்து, இழுவை இழந்து நின்றுவிட்டால் என்ன சொல்வார்கள்? "திருஷ்டி" என்பார் ஒருவர். "எலுமிச்சம்பழம் நசுக்கவில்லை" என்பார் இன்னொருவர். "ஓட்டத் தெரியாதவன்" என்று கூலியில் கைவைப்பார் முதலாளி. டாங்கைத் திறந்து பார்ப்போர் எத்தனை பேர்?

பழிக்குமுன் பாருங்கள்! கடைசியாக டீசல் போட்டது எங்கே? அதற்குப் பிறகுதானே கோளாறு? ஃபில்டரிலிருந்து சிறிது கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். பெட்ரோல் நெடியா? அடியில் தண்ணீரா? விடை அங்கே!

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றே எண்ணெயைப் பற்றவைக்கிறது. பெட்ரோலோ உரிய நேரத்தில் பற்றாது, அதனால்தான் இடி. டீசலுக்கு உள்ள வழவழப்பு பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இல்லை. பம்பும் இன்ஜெக்டரும் தேய்கின்றன. சாவியைத் திருப்பாதீர்! டாங்கை வடியுங்கள், ஃபில்டரை மாற்றுங்கள், குழாயைக் கழுவுங்கள்.

தவறிக் கலந்தது ஒருபுறம். தெரிந்தே கலப்பது மறுபுறம். ஏழை வீட்டு விளக்குக்கென மானிய விலையில் வந்த மண்ணெண்ணெய், கள்ளத்தனமாய் டீசலில் கலந்தது. தட்டிக்கேட்டவர் கதி? கலப்பட பங்க்குக்குச் சீல் வைத்த இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத், 2005-இல் உத்தரப் பிரதேசத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011-இல் மராட்டியத்தின் மன்மாட் அருகே கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனவானே எரித்துக் கொல்லப்பட்டார்.

டீசலின் அடர்த்தியை அளந்து காட்டச் சொல்வது வாங்குவோர் உரிமை. கேளுங்கள்! மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலிலேயே இருக்கிறது, குப்பியோடு செல்லுங்கள். குப்பி பேசாதவரை, டிரைவர் கூலியில் கைவைக்காதீர்!