பால்மரங்கள் சொல்லும் கியாரா கதை

கோலாலம்பூர், தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டி எழுந்து நிற்கிறது புக்கிட் கியாரா. வார இறுதிக் காலைகளில் நடைப்பயிற்சிக்கும் மலைச் சைக்கிளுக்கும் அங்கே கூட்டம் சேரும். நகரம் விழுங்காமல் விட்ட பழங்காடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது காடாக மாறிய ரப்பர் தோட்டம்.

இதை எனக்குக் காட்டியவர் அம்மா. இளவயதில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பாதையோர மரமொன்றின் பட்டையைத் தடவிப் பார்த்ததுமே, "இது வெட்டின மரம்" என்றார். கைக்கெட்டும் உயரம் வரை பட்டை முண்டும் முடிச்சுமாக இருந்தது. அதற்கு மேலே வழவழப்பு. வெட்டு எப்போதும் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் என்றார். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே சாய்ந்து ஓடுவதால், அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வடியும். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். அதனால்தான் விடியுமுன்பே வேலை.

அதன் பிறகு என் கண்ணுக்கும் தோட்டம் புலப்பட்டது. புதருக்குள் மறைந்திருந்தாலும் மரங்கள் நிரை பிசகாமல் நின்றன.

1976-இல் அரசாங்கம் 1,500 ஏக்கருக்கும் அதிகமான இந்தத் தோட்டத்தைக் கையகப்படுத்தியது. பின்னர் ஒரு பகுதியில் கோல்ஃப் மைதானம் வந்தது. இன்னொரு பகுதி இடுகாடானது. வெட்டுவாரின்றி எஞ்சிய பால்மரங்களுக்கு இடையே காட்டு மரங்கள் முளைத்தன. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் 1980-களின் தொடக்கத்தில் 'தற்காலிக' நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டன. அந்தத் தற்காலிகம் நாற்பது ஆண்டுகளைத் தாண்டியது.

2017-இல், மலையடிவாரத்துத் தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடிகள் கட்ட அனுமதி தரப்பட்டது. நீண்ட வீட்டுக் குடும்பங்களுக்கான வீடுகளும் அதே திட்டத்தில் அடங்கியிருந்தன. வட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது.

பூங்கா பிழைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் நீண்ட வீட்டுக்காரர்களின் வீட்டுக் கேள்வி அந்தத் தீர்ப்போடு தீர்ந்துவிடவில்லை. பசுமையா, வீடா என்று இரண்டையும் மோதவிடுவது நியாயமல்ல. இந்த நிழலுக்கு அடியில் கிடப்பது அவர்களின் உழைப்பு.

அடுத்த முறை கியாராவுக்குப் போகும்போது, தோட்டத்தில் வளர்ந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அழைத்துச் செல்லுங்கள். ஏற்றம் வேண்டாம், அடிவாரத்தில் மெல்ல நடந்தாலே போதும். மங்கு, வாளி, பிரட்டு, ஒட்டுப்பால் என்று அவர்கள் பேசத் தொடங்கியதும் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். பட்டையில் உள்ள தழும்பை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.