வீட்டை விற்றுவிட்டுப் போகலாமா?

மகன் அமெரிக்காவில். மகள் பெங்களூரில். ஊரில் பெரிய வீடு. அந்த வீட்டில் இரண்டே பேர்!

மாடிப்படி ஏற முழங்கால் இடம் கொடுப்பதில்லை. மோட்டார் கெட்டுப்போனால் ஆள் கிடைப்பதில்லை. ராத்திரி நேரத்தில் நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவது?

"பேசாமல் வீட்டை விற்றுவிட்டுக் கோயமுத்தூர்ப் பக்கம் போய்விடலாமா?" என்று கணவர் கேட்கிறார்.

"நாற்பது வருஷம் வாழ்ந்த வீடுங்க!" என்கிறார் மனைவி.

பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. மறுநாள் காப்பி குடிக்கும்போது மறுபடியும் ஆரம்பமாகிறது.

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 10 பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். ஆகவே, இது ஒரு வீட்டுப் பேச்சு அல்ல.

ஏன் கோயமுத்தூர்?

மூத்தோர் குடியிருப்பு என்றதும் கோயமுத்தூர் நினைவுக்கு வருவதற்குக் காரணம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வெயிலின் கடுமையைக் குறைக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ரயில், விமானம் இரண்டும் உண்டு. வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கங்களில் இத்தகைய குடியிருப்புகளைக் காணலாம்.

இவை முதியோர் இல்லங்கள் அல்ல. முதியோர் இல்லம் பெரும்பாலும் ஆதரவு இல்லாதவர்களுக்கு. இங்கே வருகிறவர்கள் பணம் கொடுத்து வருகிறார்கள். தனி வீடு, தனிச் சாவி. சமையல் பொதுக் கூடத்தில். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. கட்டில் அருகே ஆபத்துக்கு அழுத்த ஒரு மணி.

இந்த யோசனையை உலகம் எங்கும் பேச வைத்த ஊர், அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் சன் சிட்டி. டெல் வெப் என்ற கட்டிட முதலாளி 1960-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அதைத் திறந்துவைத்தார். முதல் மூன்று நாட்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பார்க்க வந்தார்கள்! அது குழந்தைகள் குடியிருக்காத ஊர். அங்கே அதை நிம்மதி என்றார்கள். நம் ஊர்ப் பாட்டிமாரிடம் சொன்னால், "குழந்தைச் சத்தம் இல்லாமல் அது என்ன ஊர்?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு.

வாங்குவதா, குத்தகையா?

மூன்று விதமாக இடம் பிடிக்கலாம். ஒன்று, கிரயம் செய்து வாங்குவது. இரண்டு, பெரிய தொகையை டெபாசிட் கட்டி, ஆயுள் உள்ளவரை இருப்பது. மூன்று, மாத வாடகை.

கிரயம் என்றால் வீடு சொந்தம். ஆனால் பல இடங்களில் ஒரு நிபந்தனை இருக்கிறது. குறிப்பிட்ட வயதைத் தாண்டியவர்தான் அங்கே குடியிருக்கலாம். பெற்றோருக்குப் பிறகு வீடு மகனுக்கு வரும். ஆனால் 40 வயது மகன் அதில் குடியேற முடியாது. விற்பது என்றாலும் வயதானவராகப் பார்த்துத்தான் விற்க வேண்டும்.

டெபாசிட் என்றால், பிற்பாடு எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள்? மீதி யாருக்கு, எத்தனை நாளில்? இவை பத்திரத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச் சொல் உதவாது.

கணக்குப் போடுங்கள்!

வீட்டு விலையைப் பார்த்து மலைக்கிறவர்கள் மாதக் கட்டணத்தைக் கவனிப்பதில்லை. உண்மையில் ஆளை இறுக்குவது அதுதான்.

மாதப் பராமரிப்பு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7 சதவிகிதம் ஏறினால், பத்து வருஷத்தில் அது ஏறத்தாழ 20,000 ரூபாய்! சாப்பாடு தனி. நர்சு தனி.

அடுத்த விஷயம் சொல்லக் கசப்பானது. ஆனால் சொல்லாமல் விடக்கூடாது. கணவர் காலமானால் மனைவியின் வரும்படி என்ன? அரசின் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் முழு ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி. குடும்ப ஓய்வூதியம் சாதாரணமாக 30 சதவிகிதம். ஆரம்பத்தில் சில வருஷங்கள் கூடுதலாக வரும், அப்புறம் குறைந்துவிடும். 50 வந்த இடத்தில் 30 வரும். குடியிருப்பின் கட்டணமோ அந்தக் கணக்கில் குறையாது. ஆகவே இரண்டு பேருக்குப் போடும் கணக்கை விட, தனியாக நிற்கப்போகும் ஒருவருக்குப் போடும் கணக்குத்தான் முக்கியம்.

படுத்துவிட்டால்?

நடமாடும் வரையில் எல்லா இடமும் நல்ல இடம். கை கால் விழுந்தால்? ஞாபகம் தவறினால்? சில குடியிருப்புகளில் அதற்கென்று தனிப் பகுதி இருக்கிறது. சில இடங்களில், "வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்க வெட்கப்படக்கூடாது.

மத்திய அரசு 2019-ல் இத்தகைய குடியிருப்புகளுக்கு மாதிரி விதிமுறைகளை வெளியிட்டது. சக்கர நாற்காலி போகும் சாய்வுப் பாதை, வழுக்காத தரை எல்லாம் அதில் உண்டு. கட்டுகிறவர், பராமரிக்கிறவர், வாங்குகிறவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்பது அதில் உள்ள நல்ல யோசனை. கட்டியவர் போய்விட்டாலும் சாப்பாடு போட ஒருவர் பொறுப்பு இருப்பார் அல்லவா?

வீட்டை எழுதிக் கொடுப்பதா?

"விற்க வேண்டாம் அப்பா, என் பேருக்கு எழுதி வைத்துவிட்டுப் போங்கள். மாதச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மகன் சொல்லலாம். நல்ல மகனாகவே இருக்கலாம். ஆனாலும் தான செட்டில்மெண்ட் பத்திரத்தில், "பெற்றோரைப் பராமரிக்க வேண்டும்" என்ற வாசகம் இருக்கட்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. அதன் 23-வது பிரிவின்படி, அப்படி எழுதிக் கொடுத்தும் பராமரிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யலாம். மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். நிபந்தனை இல்லாத பத்திரத்தால் வழக்கில் சங்கடம் வரும் என்பதை 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு ஒன்று காட்டியது. உதவி தேவைப்படும் முதியோருக்கு 14567 என்ற இலவச டெலிபோன் எண்ணும் இருக்கிறது.

எதை விட்டுப் போகிறோம்?

கடன் சொன்னாலும் பால் ஊற்றுகிற பால்காரர். பெயர் சொல்லி அர்ச்சனை செய்கிற குருக்கள். சுவருக்கு அப்பால் இருந்து, "என்ன அக்கா, இன்றைக்கு வாசல் தெளிக்கவில்லையா?" என்று கேட்கிற பக்கத்து வீட்டுப் பெண். இவர்களுக்கு எந்தக் குடியிருப்பிலும் விலைப்பட்டியல் கிடையாது. ஆனால் அந்தப் பெண்ணும் நாளைக்கு மகனோடு சென்னைக்குப் போய்விடலாம்.

அவசரம் எதற்கு? சில குடியிருப்புகளில் சில வாரம் வாடகைக்கு இருந்து பார்க்க இடம் தருகிறார்கள். ஒரு மாதம் போய் இருந்து பார்க்கலாம். அங்கேயே இருப்பவர்களிடம், போன வருஷம் கட்டணம் எவ்வளவு ஏறியது, ராத்திரி மணி அடித்தால் எத்தனை நிமிஷத்தில் ஆள் வந்தது என்று விசாரிக்கலாம். சாப்பாடு இருவருக்கும் ஒத்துக்கொள்கிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். அதுவரை ஊர் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டிலேயே இருக்கட்டும்.