அருங்காட்சியகக் காவலர்களின் சிறந்த பணிக்கான அங்கீகாரம்

அருங்காட்சியகக் காவலர்களுக்கான அங்கீகாரம் என்பது, அருங்காட்சியகங்களில் காட்சிப் பொருள்களையும் பார்வையாளர்களையும் காக்கும் பணியில் இருப்பவர்களுக்கு விருது, பதக்கம், சான்றிதழ், பாராட்டு மடல், பதவி உயர்வு, நினைவுத் திட்டம் முதலிய வழிகளில் அளிக்கப்படும் மதிப்பைக் குறிக்கும். ஓவியரையும் அகழாய்வாளரையும் காப்பாட்சியரையும் உலகம் அறியும். காட்சிக்கூடத்தின் மூலையில் நாள் முழுவதும் நிற்பவரின் பெயரோ அவர் சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டையைத் தாண்டி வெளியே போவதில்லை. காவலர் தம் வேலையைச் சரியாகச் செய்தால் அன்று எதுவும் நடப்பதில்லை. எதுவும் நடக்காத ஒரு நாளுக்கு எப்படிப் பரிசு கொடுப்பது என்பதே இதிலுள்ள அடிப்படைச் சிக்கல்.

காவலரின் பணி

திருடனைப் பிடிப்பதுதான் அருங்காட்சியகக் காவலரின் வேலை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவர் நாளின் பெரும்பகுதி வேறு வேலைகளில் கழிகிறது. ஓவியத்தை விரலால் தொடப் போகும் சிறுவனை அவன் மனம் நோகாமல் தடுத்தல், கூட்டத்தில் பெற்றோரைத் தவறவிட்ட குழந்தையை ஆற்றுதல், மயங்கி விழுந்தவருக்கு முதலுதவி செய்தல், கூரையில் நீர்க்கசிவோ மின்கம்பியில் தீய்ந்த வாடையோ தெரிந்தால் உடனே அறிவித்தல், அவசர நிலையில் மக்களை ஒழுங்காக வெளியேற்றுதல் ஆகியவை அவற்றுள் சில. கண்காணிப்புக் கேமராவுக்குக் கண் உண்டு, மூக்கு இல்லை. புகை வாடையை முதலில் உணர்பவர் பெரும்பாலும் அங்கே நிற்கும் மனிதரே.

இப்பணியில் தற்செயலுக்கும் இடமுண்டு. 1914 மார்ச் 10 அன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில், பெண்கள் வாக்குரிமைப் போராளி மேரி ரிச்சர்ட்சன், வெலாஸ்கெஸ் வரைந்த 'ரோக்பி வீனஸ்' ஓவியத்தை வெட்டுக்கத்தியால் கிழித்தார். அவரைத் தடுக்க ஓடிய பணியாளர் மெருகேற்றிய தரையில் வழுக்கி விழுந்துவிட்டார். அவர் விழாமல் இருந்திருந்தால் சில வெட்டுகளாவது குறைந்திருக்கும். ஆனால் அப்படித் தடுக்கப்பட்ட வெட்டுகளை எந்த வரலாற்று நூலும் எண்ணியிருக்காது.

தோல்வியில் மட்டும் தெரியும் பெயர்

காவலர்களைப் பற்றிய செய்திகளைத் தேடினால் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை திருட்டுச் செய்திகளாகவே இருக்கும். 1990 மார்ச் 18 அதிகாலையில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தின் கதவைக் காவல்துறைச் சீருடை அணிந்த இருவர் தட்டினர். இரவுக் காவலர் கதவைத் திறந்தார். வந்தவர்கள் அங்கிருந்த இரு காவலர்களுக்கும் கைவிலங்கிட்டு அடித்தளத்தில் கட்டிப்போட்டுவிட்டு, ரெம்பிராண்ட், வெர்மீர் ஆகியோரின் ஓவியங்கள் உட்பட 13 பொருள்களைக் கொண்டுசென்றனர். அவற்றில் ஒன்றுகூட இதுவரை மீளவில்லை. வெறும் படச்சட்டங்கள் இன்றும் அதே சுவர்களில் தொங்குகின்றன. துப்புக் கொடுப்பவருக்கு 1 கோடி டாலர் பரிசும் அறிவிக்கப்பட்டுள்ளது. விதியை மீறித் திறக்கப்பட்ட அந்த ஒரு கதவைப் பற்றி நூல்களும் ஆவணப்படங்களும் வந்துள்ளன. அதற்கு முன்பு எத்தனையோ இரவுகளில் திறக்கப்படாமல் இருந்த கதவைப் பற்றி எழுதுவார் இல்லை.

பொருளைக் காப்பதைவிட உயிரைக் காப்பதே முதன்மையானது என்பது இன்றைய அருங்காட்சியகப் பாதுகாப்பின் பொது விதி. 2025 அக்டோபர் 19 அன்று பாரிஸ் இலூவர் அருங்காட்சியகத்தில் பட்டப்பகலில் நடந்த நகைத் திருட்டின்போது ஊழியர்கள் இவ்விதிப்படியே நடந்தனர். ஏணி பொருத்திய வண்டியைக் கொண்டு மேல்மாடத்துக்கு ஏறி வந்த திருடர்கள் சில நிமிடங்களில் 8 நகைகளுடன் தப்பினர். அவற்றின் மதிப்பு 8 கோடியே 80 இலட்சம் யூரோ எனக் கணிக்கப்பட்டது. ஊழியர்கள் திருடர்களுடன் மோதவில்லை. பார்வையாளர்களை வெளியேற்றினர், காவல்துறையை அழைத்தனர். பார்வையாளர் எவருக்கும் காயம் இல்லை. இதைத் தோல்வி என்பதா, சிறந்த பணி என்பதா? நகைகளை மட்டும் கணக்கிடுபவர் தோல்வி என்பார். கூடத்தில் இருந்த மனிதர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை மாறும்.

ஸ்டீபன் டைரோன் ஜான்ஸ்

காவலர் ஒருவருக்கு அருங்காட்சியகம் நிலையான நினைவை ஏற்படுத்தியதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு, வாஷிங்டனில் உள்ள ஐக்கிய அமெரிக்க யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் ஆகும். நாஜிகளால் கொல்லப்பட்டவர்களின் நினைவாக 1993இல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில், ஸ்டீபன் டைரோன் ஜான்ஸ் ஆறு ஆண்டுகளாகப் பாதுகாப்பு அலுவலராக இருந்தார். உயரமும் உடற்கட்டும் கொண்ட அவரை உடன் பணியாற்றியவர்கள் 'பிக் ஜான்' என்று அழைத்தனர். மென்மையான மனிதர் என்றும் அவர் அறியப்பட்டார்.

2009 ஜூன் 10 அன்று நண்பகல் கடந்து, 88 வயது முதியவர் ஒருவர் அருங்காட்சியக வாயிலை நெருங்கினார். முதியவர் என்பதால் ஜான்ஸ் தாமே முன்சென்று அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார். வந்தவரோ யூதர்களையும் கறுப்பினத்தவரையும் வெறுத்த வெள்ளை இனவெறியர். மறைத்து வைத்திருந்த துப்பாக்கியால் அவர் ஜான்ஸைச் சுட்டார். உடனிருந்த இரு காவலர்கள் நொடிகளுக்குள் திருப்பிச் சுட்டு அவரை வாயிலிலேயே வீழ்த்தினர். உள்ளே பார்வையாளர்கள் நிறைந்திருந்தும் அவர்களில் எவரும் உயிரிழக்கவில்லை. 39 வயதான ஜான்ஸ் மருத்துவமனையில் இறந்தார். கொலையாளி, வழக்கு விசாரணை தொடங்கும் முன்பே 2010 ஜனவரியில் காவலில் இருந்தபோது இறந்தார்.

மறுநாள் ஜான்ஸுக்கு மரியாதை செலுத்தும் வகையில் அருங்காட்சியகம் மூடப்பட்டது. கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. பின்னர், வாஷிங்டன் பகுதி இளைஞர்களுக்காக அருங்காட்சியகம் நடத்தும் கோடைக்காலத் தலைமைப் பயிற்சித் திட்டத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இத்திட்டத்தில் சேரும் மாணவர்கள் இனப்படுகொலையின் வரலாற்றைக் கற்கின்றனர். அந்த அருங்காட்சியகம் எந்த வெறுப்பைப் பற்றிப் பாடம் சொல்கிறதோ அதே வெறுப்புக்குத்தான் ஜான்ஸ் இரையானார். எனவே சிலையை விட மாணவர் திட்டமே பொருத்தமான நினைவு என்று கருத இடமுண்டு.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்றும் உள்ளது. ஜான்ஸ் அருங்காட்சியகத்தின் நேரடி ஊழியர் அல்லர். தனியார் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் வழியாகப் பணியமர்த்தப்பட்டவர். உலகெங்கும் பல அருங்காட்சியகங்களில் காவலர் நிலை இதுவே. சம்பளம் ஓரிடத்தில், வேலை வேறிடத்தில். ஆண்டு விழாவில் 'சிறந்த ஊழியர்' பட்டியல் தயாரிக்கும்போது, இவர் எங்கள் ஊழியர் அல்லர் என்று அருங்காட்சியகம் ஒதுங்கிக்கொள்ளலாம். காவலர் அங்கே என்ன செய்தார் என்பது நிறுவனத்துக்கும் தெரியாமல் போகலாம். இந்த இடைவெளியில் விடுபடுபவர்கள் பலர்.

பெயர் வெளியே வரக் கூடாதவர்கள்

அங்கீகாரமே ஆபத்தாக முடியும் சூழலும் உண்டு. ஆப்கானிஸ்தானில் தில்லியா தெபே என்ற மேட்டில் 1978இல் தொடங்கிய அகழாய்வில், சுமார் 2000 ஆண்டுகள் பழமையான கல்லறைகளிலிருந்து 20,000க்கும் மேற்பட்ட பொற்பொருள்கள் கிடைத்தன. போர் சூழ்ந்தபோது, 1980களின் இறுதியில் அவை காபூல் தேசிய அருங்காட்சியகத்திலிருந்து எடுக்கப்பட்டு, அதிபர் மாளிகை வளாகத்திலிருந்த மத்திய வங்கிப் பெட்டகத்தில் மறைக்கப்பட்டன. இரகசியம் அறிந்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் சாவிகளுக்குப் பொறுப்பான காப்பாளர்களும் இருந்தனர். அவர்களுக்கு அந்நாட்டில் 'தஹ்வீல்தார்' என்று பெயர். நாம் அறிந்த தாசில்தார், ஜமீன்தார் ஆகிய சொற்களில் வரும் அதே பாரசீக விகுதிதான் இதிலும் வருகிறது.

உள்நாட்டுப் போரில் அருங்காட்சியகம் குண்டுவீச்சுக்கும் கொள்ளைக்கும் ஆளானது. 2001இல் தாலிபான்கள் அங்கிருந்த சிலைகளை உடைத்தனர். பொன் எங்கே என்று கேட்டவர்களுக்கு விடை கிடைக்கவில்லை. விற்றுவிட்டார்கள், உருக்கிவிட்டார்கள் என்ற வதந்திகள் பரவியபோதும் அறிந்தவர்கள் மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் பொன்னும் போயிருக்கும், உயிரும் போயிருக்கும். தாலிபான் ஆட்சி வீழ்ந்த பின், 2004இல் பெட்டகம் திறக்கப்பட்டபோது பொருள்கள் அப்படியே இருந்தன. பின்னர் அவை பல நாடுகளில் காட்சிக்கு வைக்கப்பட்டன. இரகசியம் காத்தவர்களில் ஒருவரும் அருங்காட்சியக இயக்குநருமான ஒமரா கான் மசூதிக்கு, நெதர்லாந்தின் இளவரசர் கிளாஸ் விருது 2004இல் வழங்கப்பட்டது. பதினைந்து ஆண்டு மௌனத்துக்குப் பிறகு கிடைத்த பாராட்டு அது.

காவலர் தேர்ந்தெடுத்த ஓவியங்கள்

விருது மட்டுமே அங்கீகாரம் அன்று. அமெரிக்காவின் பால்டிமோர் கலை அருங்காட்சியகம் 2022 மார்ச் 27 முதல் ஜூலை 10 வரை நடத்திய 'கலையைக் காத்தல்' என்னும் கண்காட்சி இதற்குச் சான்று. அங்கே பணியாற்றிய 17 பாதுகாப்பு அலுவலர்களே காப்பாட்சியர்களாக இருந்து காட்சிப் பொருள்களைத் தேர்ந்தெடுத்தனர். விளக்கக் குறிப்புகளை எழுதினர். எதை எங்கே வைப்பது என்றும் முடிவு செய்தனர். கலை வரலாற்று அறிஞர் லவரி ஸ்டோக்ஸ் சிம்ஸ் அவர்களுக்கு வழிகாட்டினார். இப்பணிக்கு அவர்களுக்குத் தனியே ஊதியமும் தரப்பட்டது. பாராட்டு என்ற பெயரில் கூடுதல் வேலை வாங்குவது எங்கும் உள்ள வழக்கம் என்பதால் இதைக் குறிப்பிட வேண்டியுள்ளது.

ஒரு காவலர், வின்ஸ்லோ ஹோமர் 1872இல் வரைந்த 'விடைக்காகக் காத்திருத்தல்' என்ற ஓவியத்தைத் தேர்ந்தெடுத்தார். காத்திருத்தலே காவலரின் பணி என்பது அவர் கண்ட பொருத்தம். காப்பாட்சியர் ஓர் ஓவியத்தைப் பார்க்கும் நேரத்தைவிடப் பல மடங்கு நேரம் அதன் அருகே நிற்பவர் காவலர். பார்வையாளர்கள் எந்த ஓவியத்தின் முன் நிற்கிறார்கள், எதைக் கடந்து போகிறார்கள் என்பதும் அவருக்கே நன்றாகத் தெரியும்.

காவலர்களிடையே கலைஞர்கள் இருப்பதும் புதிதன்று. அமெரிக்க ஓவியர் இராபர்ட் ரைமன் 1950களில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காவலராக இருந்தவர். அதே நகரின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், காவலர்கள் உட்பட ஊழியர்களின் படைப்புகளை 1935 முதலே காட்சிப்படுத்தி வந்தாலும், பொதுமக்களுக்கு அதை முதன்முறையாகத் திறந்துவிட்டது 2022இல்தான்.

விருதுகளும் பரிந்துரையும்

துறைசார் விருதுகளுள் இராபர்ட் பி. பர்க் விருது குறிப்பிடத்தக்கது. பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பில் சிறந்து விளங்குபவர்களுக்கு, ஸ்மித்சோனியன் நிறுவனம் நடத்தும் தேசிய மாநாட்டில் இது வழங்கப்பட்டு வந்தது. இத்தகைய பெரிய விருதுகள் பெரும்பாலும் மேலாளர்களையும் வல்லுநர்களையும் சென்றடைகின்றன. காட்சிக்கூடத்தில் நிற்பவரை எட்டுவது அவர் பணியாற்றும் இடத்திலேயே தரப்படும் பாராட்டு மடலும் சான்றிதழும்தான்.

அந்தச் சான்றிதழுக்கும் எழுத்துப் பதிவு வேண்டும். நடக்காமல் தடுக்கப்பட்டது எதுவோ அது அன்றன்றே பதிவேட்டில் ஏறினால்தான் பின்னர் சான்றாகும். 'நன்றாகப் பணியாற்றினார்' என்ற வரியால் பயனில்லை. 'மூன்றாம் கூடத்தின் தென்மேற்கு மூலையில் நீர் சொட்டுவதை மாலை 4.10க்குக் கண்டு, ஓலைச்சுவடிப் பேழையை நகர்த்தச் செய்தார்' என்று எழுதினால் தேர்வுக் குழு ஆராய ஏதேனும் இருக்கும். பார்வையாளர் கருத்துப் புத்தகமும் இதற்கு உதவும். அதில் கட்டடத்தையும் காட்சிப் பொருளையும் புகழ்ந்து எழுதுபவர்கள், வழிகாட்டிய காவலரின் பெயரையும் ஒரு வரி சேர்த்தால் அது அவரது பணிக் கோப்பில் இடம்பெற வாய்ப்புண்டு.

பாராட்டோடு பணி நிலைமையும் சேர்ந்தே பேசப்படுகிறது. 2025 ஜூன் 16 அன்று, அதாவது நகைத் திருட்டுக்கு நான்கு மாதங்கள் முன்பு, இலூவர் ஊழியர்கள் திடீர் வேலைநிறுத்தம் செய்தனர். அளவற்ற கூட்டமும் ஆள் பற்றாக்குறையும் அவர்கள் கூறிய காரணங்கள். அன்று பல மணி நேரம் அருங்காட்சியகம் திறக்கப்படவில்லை.

இந்தியாவில்

இந்தியாவில் புது தில்லி தேசிய அருங்காட்சியகம், கொல்கத்தா இந்திய அருங்காட்சியகம் போன்ற பெரிய நிறுவனங்களின் காவலில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை ஈடுபட்டுள்ளது. தாஜ்மகாலும் செங்கோட்டையும் இப்படையின் காவலில் உள்ளவையே. 1969இல் அமைக்கப்பட்ட இப்படையினர், குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் அறிவிக்கப்படும் வீரதீரப் பதக்கங்களுக்கும் சிறந்த பணிக்கான பதக்கங்களுக்கும் தகுதி உடையவர்கள். சிறிய அருங்காட்சியகங்களில் தினக்கூலியிலும் ஒப்பந்த முறையிலும் வேலை பார்க்கும் காவலாளிகள் இப்பதக்கப் பட்டியலில் வருவதில்லை. அவர்களுக்கான பரிந்துரையை எழுத வேண்டியவர் அந்தந்த அருங்காட்சியகத்தின் காப்பாட்சியரே.