எழுதி முடித்த பின் தொடங்கும் நாடகம்

ஒரு கவிதையை எழுதியவர் பேனாவை மூடி வைக்கும்போது அந்தக் கவிதை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. சிறுகதையும் அப்படித்தான். நாடகம் அப்படியல்ல. தாளில் அழகாகத் தெரிந்த வசனம் நடிகையின் வாயில் வந்ததும் கனத்துப்போகலாம். இரண்டு நிமிடத்தில் முடியும் என்று நினைத்த காட்சி பத்து நிமிடம் இழுபடலாம். எழுதியவர் பெரிதாகக் கருதாத ஒரு பாத்திரத்தின் மீது பார்ப்போரின் கண்கள் போய் நின்றுவிடலாம். தனியே அறையில் இருந்து எழுதுபவருக்கு இவை எளிதில் புலப்படுவதில்லை.

உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் கற்கும் எனக்கு ஒரு கேள்வி நெடுநாளாக இருந்தது. எழுத்துருவுக்கும் ஆற்றுகைக்கும் இடையில் என்ன நடக்கிறது? அதற்கு நாடக உலகம் கண்டுபிடித்த விடைகளுள் ஒன்றுதான் வதிவிடப் பட்டறை. அதைப் பற்றியே இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன்.

வதிவிடப் பட்டறை என்றால் என்ன?

புதிய நாடகம் ஒன்றை எழுதியவர் தனது எழுத்துருவுடன் ஓரிடத்தில் சில நாட்களோ வாரங்களோ தங்குகிறார். நெறியாளர், நடிகர்கள், 'டிராமடர்க்' எனப்படும் நாடக ஆலோசகர் ஆகியோரும் அங்கே இருப்பார்கள். நடிகர்கள் எழுத்துருவை உரக்க வாசிப்பார்கள். எழுத்தாளர் கேட்பார், இரவில் திருத்துவார். மறுநாள் புதிய பக்கங்களை வைத்து மீண்டும் வாசிப்பு நடக்கும். முடிவில் சிறிய பார்வையாளர் கூட்டம் ஒன்றின் முன் நடிகர்கள் எழுத்துருவைக் கையில் வைத்துக்கொண்டே நடித்துக் காட்டுவார்கள். முழுமையான காட்சியமைப்போ ஆடை அலங்காரமோ இருக்காது. பார்ப்பவரின் கவனம் சொல்லிலும் கதையிலும் மட்டும் இருக்க வேண்டும் என்பதே காரணம்.

நாம் வழமையாகச் செய்யும் ஒத்திகையில் இருந்து இது வேறுபட்டது. ஒத்திகையில் எழுத்துரு நிலையாக நிற்கும், நடிகர்கள்தாம் மாறுவார்கள். பட்டறையில் மாற வேண்டியது எழுத்துரு.

இத்தகைய பட்டறைகளில் புகழ்பெற்றது, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வோட்டர்ஃபோர்ட் என்னும் கடலோர ஊரில் உள்ள யூஜின் ஓ'நீல் அரங்க நிலையம் நடத்துவது. அந்த நிலையத்தை ஜோர்ஜ் வைட் என்பவர் 1964இல் தொடங்கினார். நாடகாசிரியர்களுக்கான மாநாடு அங்கே 1965இல் ஆரம்பமானது. 1968 முதல் 1999 வரை அதன் கலை இயக்குநராக இருந்தவர் லொயிட் ரிச்சர்ட்ஸ். இவர் 1959இல் லொரெய்ன் ஹான்ஸ்பெரி எழுதிய நாடகத்தை நெறிப்படுத்தி, புரோட்வே அரங்கில் நாடகம் நெறிப்படுத்திய முதல் கறுப்பினத்தவர்களுள் ஒருவராக வரலாற்றில் இடம்பிடித்தவர்.

ஓகஸ்ட் வில்சனின் கதை

இந்தப் பட்டறையின் பெறுமதியை விளங்கிக்கொள்ள ஓகஸ்ட் வில்சனைப் பார்த்தால் போதும். 1945இல் பிட்ஸ்பேர்க் நகரில் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த பகுதியில் பிறந்தவர். பதினைந்து வயதில் நெப்போலியனைப் பற்றி இருபது பக்கக் கட்டுரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். இதை நீ எழுதியிருக்க முடியாது என்று ஆசிரியர் ஒருவர் சந்தேகித்தார். வில்சன் அத்தோடு பாடசாலையை விட்டு வெளியேறி, நகரத்தின் கார்னகி நூலகத்தில் தானாகவே படித்தார். பிற்காலத்தில் அதே நூலகம் அவருக்குப் பாடசாலைச் சான்றிதழ் ஒன்றை வழங்கிக் கௌரவித்தது.

அவருடைய 'ஜிட்னி' என்ற நாடகத்தை ஓ'நீல் மாநாடு ஏற்கவில்லை. யாரும் சரியாக வாசித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்து அதையே மறுபடியும் அனுப்பினார். மறுபடியும் திரும்பி வந்தது. அப்போதுதான் இதைவிடச் சிறந்த ஒன்றை எழுத வேண்டும் என்று தீர்மானித்தார். அப்படி அனுப்பிய 'மா ரெய்னியின் பிளாக் பொட்டம்' 1982இல் தெரிவானது.

1927இல் சிக்காகோவின் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் நடக்கும் கதை அது. பாடகி மா ரெய்னியின் குரலை விற்றுக் காசாக்க வெள்ளையர்கள் காத்திருக்கிறார்கள். வாத்தியக்காரர்களின் அறையில் லெவீ என்ற இளைஞன் தன் சொந்தப் பாட்டுகளோடு கனவு காண்கிறான். அவனுடைய பாட்டுகளைச் சொற்பக் காசுக்கு வாங்கி அவனைக் கைகழுவி விடுகிறார் கூடத்தின் உரிமையாளர். அந்தக் கோபம் உரியவர் மீது பாயாமல், சப்பாத்தை மிதித்துவிட்ட சக வாத்தியக்காரர் மீது கத்தியாகப் பாய்கிறது.

பட்டறைக்கு வந்தபோது அந்த நாடகம் மிக நீளமாக இருந்தது. வில்சன் கவிஞராக இருந்து நாடகத்துக்கு வந்தவர். அவருடைய பாத்திரங்கள் நீண்ட நேரம் பேசுவார்கள். வோட்டர்ஃபோர்டில் தொடங்கிய திருத்த வேலை ரிச்சர்ட்ஸின் துணையோடு தொடர்ந்தது. நாடகம் 1984இல் முதலில் யேல் பல்கலைக்கழகத்தின் அரங்கிலும், அதே ஆண்டு ஒக்டோபரில் புரோட்வேயிலும் மேடையேறியது. பின்னர் 'ஃபென்சஸ்', 'த பியானோ லெசன்' ஆகியவையும் ஓ'நீல் பட்டறையைக் கடந்தே வந்தன. இரண்டும் முறையே 1987இலும் 1990இலும் புலிட்சர் பரிசு பெற்றன. முன்பு திருப்பி அனுப்பப்பட்ட 'ஜிட்னி'யும் பின்னாளில் திருத்தி எழுதப்பட்டு மேடைகண்டது.

நாடகம் யாருடையது?

இங்கே ஒரு நியாயமான அச்சம் எழும். பத்துப் பேர் கருத்துச் சொன்னால் இறுதியில் அது யாருடைய நாடகம்? எல்லோரையும் திருப்திப்படுத்தப் போய் எழுதியவரின் குரலே காணாமல் போகாதா?

இது உண்மையான ஆபத்து. அதனால் நல்ல பட்டறைகள் எதை மாற்றுவது என்ற முடிவை எழுத்தாளரிடமே விட்டுவிடும். கருத்துச் சொல்வதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. லிஸ் லேர்மன் என்ற அமெரிக்க நடன அமைப்பாளர் உருவாக்கிய முறை இதற்கு நல்ல உதாரணம். அதில் நான்கு படிகள் இருக்கின்றன. முதலில் பார்த்தவர்கள் தமக்கு எது பொருளுள்ளதாக, மனதில் நிற்பதாக இருந்தது என்று சொல்வார்கள். அடுத்து, படைத்தவர் தனக்குச் சந்தேகமான இடங்களைப் பற்றிக் கேள்வி கேட்பார். மூன்றாவதாக, பார்த்தவர்கள் படைத்தவரிடம் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் தீர்ப்பு மறைந்திருக்கக் கூடாது. "ஏன் இவ்வளவு நீளம்?" என்பது தீர்ப்பு. "இந்தக் காட்சியில் எங்களுக்கு எது விளங்க வேண்டும் என்று நினைத்தீர்கள்?" என்பது கேள்வி. கடைசியாக, படைத்தவர் அனுமதித்தால் மட்டுமே அபிப்பிராயம் சொல்லப்படும்.

நமது பாடசாலைகளில்

தமிழ்த் தினப் போட்டிக்கும் மீலாத் விழாவுக்கும் நாமும் நாடகம் போடுகிறோம். எழுத்துரு கைக்கு வரும், பாத்திரங்கள் பிரிக்கப்படும், வசனம் மனப்பாடமாகும். பிறகு நடுவர்கள் புள்ளியிடுவார்கள். எழுத்துருவைப் பற்றி முதன்முதலாக ஒரு வெளியாள் கருத்துச் சொல்வது அந்தப் புள்ளித்தாளில்தான். அப்போது திருத்துவதற்கு நேரம் கடந்துவிடும். எழுதிய மாணவிக்கு மிஞ்சுவது வெற்றி அல்லது தோல்வி என்ற ஒற்றைச் செய்தி மட்டுமே. அதோடு எழுதுவதையே விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

கடலோர மாளிகையும் பல வாரங்களும் நமக்குக் கிடைக்காது. ஆனால் அந்த முறையின் சாரத்துக்குப் பணம் தேவையில்லை. ஒரு வகுப்பறை, வட்டமாகப் போட்ட கதிரைகள், பாடசாலை விட்ட பின் இரண்டு மணித்தியாலம் போதும். எழுதியவர் வாசிக்கக் கூடாது. மற்றவர்கள் வாசிக்க, அவர் தன் பிரதியில் அடையாளமிட்டபடி கேட்க வேண்டும். வாசிப்பவரின் நாக்கு தடுமாறும் இடத்தையும், கேட்பவர்கள் அசையத் தொடங்கும் இடத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மேற்சொன்ன நான்கு படிகள். ஒரு வாரம் கழித்து, திருத்திய எழுத்துருவுடன் இன்னுமொரு வாசிப்பு.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு மணித்தியாலம் பிள்ளையின் படிப்பில் இருந்து கழிந்துபோகும் நேரமல்ல. பிறர் பேசுவதை முழுமையாகக் கேட்கவும், புண்படுத்தாமல் கருத்துச் சொல்லவும், தன் எழுத்தைத் தானே திருத்தவும் அங்கே அவள் பழகுகிறாள். முடிந்தால் நீங்களும் வந்து அந்த வட்டத்தில் ஒரு கதிரையில் இருங்கள். இதை நீ எழுதியிருக்க முடியாது என்ற சொல் ஒரு சிறுவனைப் பாடசாலையை விட்டே அனுப்பியது. இதை நீ எழுதினாயா, இன்னொரு முறை வாசித்துக் காட்டு என்று நாம் சொல்லிப் பார்க்கலாம்.